அழைப்பிலே அடிமை

ஒருவரை எந்தச் சொல்லால் அழைத்தால் என்ன என்று கேட்பவர் உண்டு. சோற்றுக்கு வழி தேடும் நாட்டில் சொல்லுக்கு வழி தேடுவானேன் என்று எள்ளி நகைப்பவரும் உண்டு. அவர்களை நாம் ஒன்று கேட்கிறோம். அறுபது வயது உழவனைப் பத்து வயதுச் சிறுவன் 'டேய்' என்று கூவி அழைத்தான். அந்த உழவன் தோளிலிருந்த துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, 'சொல்லுங்க சின்ன ஐயா' என்று குனிந்து நின்றான். தஞ்சைத் தரணியில் மட்டுமா? தென்னாற்காட்டில், புதுவையைச் சுற்றிய சிற்றூர்களில், தமிழ் வழங்கும் எத்தனையோ ஊர்களில் தலைமுறை தலைமுறையாக நடந்த நாடகம் இது. அந்த உழவனின் பசியை ஒரு வேளைச் சோறு ஆற்றியிருக்கும். அந்த ஒரு சொல் இட்ட வடுவை எந்தச் சோறு ஆற்றியது?

அரசனின் ஆணை ஏட்டிலே வாழும். ஆதிக்கத்தின் ஆணையோ நாவிலே வாழும். ஏட்டைக் கிழித்துவிடலாம். நாவிலே ஏறிய வழக்கு எளிதில் இறங்குவதில்லை. ஆகவேதான் மக்கள் ஒருவரையொருவர் அழைத்த வரலாற்றைப் புரட்டிப் பார்க்கிறோம். அரண்மனை வரலாற்றைவிட உண்மையான வரலாறு அதில் அடங்கிக் கிடக்கிறது.

அரிக்கமேட்டு ஓடுகள்

அந்த வரலாற்றைத் தொடங்க நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. புதுவை நகருக்குத் தெற்கே, அரியாங்குப்பம் ஆறு கடலோடு கலக்குமிடத்துக்கு அருகில், அரிக்கமேடு இருக்கிறது. 1945-இல் மார்ட்டிமர் வீலர் அங்கே அகழ்ந்தார். அவருக்குப் பின் 1947 முதல் 1950 வரை பிரெஞ்சு அறிஞர் கசால் அகழ்ந்தார். இத்தாலியில் சுட்ட செந்நிறக் கலங்களின் உடைசல்களும், மதுவும் எண்ணெயும் வந்திறங்கிய சாடிகளின் துண்டுகளும் வெளிப்பட்டன. கலங்களில் சிலவற்றின் அடியில் இலத்தீன் எழுத்தில் குயவர் முத்திரைகள் இருந்தன. அதே மண்ணில் தமிழ் எழுத்தின் தொல் வடிவில் ஆட்பெயர் கீறிய ஓடுகளும் கிடைத்தன. இருமொழிப் பெயர்களும் ஈராயிரம் ஆண்டுகளாக ஒரே மண்ணில் உறங்கியிருக்கின்றன.

அந்த முத்திரைகளை வெறும் வணிகக் குறியென்று கடந்துவிடக் கூடாது. இத்தாலியின் அரெஸ்ஸோ நகரத்துப் பட்டறைகளில் கலம் வனைந்தவர்களில் பலர் அடிமைகள். அந்தப் பட்டறை முத்திரைகள் பலவற்றில் அடிமையின் பெயர் ஒன்று இருக்கும். அவனை உடைமையாகக் கொண்டவன் பெயர் அதனோடு ஒட்டியிருக்கும். மண்ணைப் பிசைந்தவன் ஒருவன். மண்ணுக்கும் பிசைந்தவனுக்கும் உரிமை கொண்டாடியவன் வேறொருவன். அந்தக் கலத்தில் உண்டவர்கள் பேசிய மொழி, இலத்தீன். அந்த மொழி பேசியவர்கள் ஒருவரையொருவர் எப்படி அழைத்தார்கள்?

எல்லோருக்கும் 'நீ'

நம் தோழர்களுக்கு வியப்பளிக்கும் செய்தி ஒன்று உண்டு. பழைய இலத்தீனில் 'நீங்கள்' என்ற மரியாதைப் பன்மை இல்லை. எதிரே நிற்பவர் ஒருவர் என்றால் 'தூ', அதாவது 'நீ'. பலர் என்றால் 'வோஸ்'. தலைவனை அடிமை 'தூ' என்றான். அடிமையைத் தலைவனும் 'தூ' என்றான். மகன் தந்தையையும், மனைவி கணவனையும், படைவீரன் படைத்தலைவனையும் அப்படியே சொன்னார்கள். சந்தித்தால் 'சல்வே', அதாவது 'நலமாக இரு'. பிரிந்தால் 'வலே', அதாவது 'வலிமையோடு இரு'. ஏந்தலுக்கும் ஏவலனுக்கும் இலக்கணம் ஒன்றே.

ஆகா, எத்துணைச் சமத்துவம் என்று மயங்கிவிட வேண்டாம். 'நீ' என்ற சொல்லில் இல்லாத ஏற்றத்தாழ்வு அதன் பின்னே வந்த பெயரில் குடியேறியிருந்தது.

உரோமக் குடிமகனுக்கு மூன்று பெயர்கள். மார்க்குஸ் என்பது இவன் பெயர். துல்லியுஸ் என்பது குலப்பெயர். சிசரோ என்பது கிளைப்பெயர். முதற்பெயரால் அழைப்பது வீட்டாருக்கும் மிக நெருங்கியவருக்கும் உரியது. மற்றவர் குலப்பெயராலோ கிளைப்பெயராலோ அழைப்பர். ஆட்சி மன்றத்தில் கருத்துக் கேட்கும்போது முதற்பெயரும் குலப்பெயரும் சேர்ந்து ஒலிக்கும். பெண்ணுக்கோ அந்தக் கொடையும் இல்லை. துல்லியுசின் மகள் துல்லியா; கொர்னேலியுசின் மகள் கொர்னேலியா. இரண்டு பெண்கள் பிறந்தால் மூத்தவள், இளையவள்; மேலும் பிறந்தால் மூன்றாமவள், நான்காமவள். தந்தையின் குலப்பெயரையே பெண்பாலாக்கி அவள் தலையில் சூட்டிவிட்டார்கள்!

ஆனாலும் ஒன்றைச் சொல்லவேண்டும். உரோமத்து மனைவி தன் கணவனைப் பெயர் சொல்லி அழைத்தாள். அதனால் அவன் ஆயுள் குறைந்துவிடும் என்று அந்நாட்டில் எவரும் அஞ்சவில்லை. கணவன் பெயரை உதடு உச்சரித்தால் தாலிக்கு ஆபத்து என்று நம் தாய்மாருக்குக் கற்பித்த புண்ணியவான்கள் இதைக் கொஞ்சம் கேட்கட்டும்.

நரைத்த தலை, பெயர் 'பையன்'

அடிமையை உரோமன் எப்படி அழைத்தான்? 'புவேர்' என்றான். புவேர் என்றால் பையன். இருபது வயதிலும் பையன், நாற்பதிலும் பையன், பல் விழுந்து, முதுகு கூனி, கண் மங்கிய எழுபதிலும் பையன்! பழைய காலத்தில் அடிமைக்குத் தனிப்பெயர்கூடத் தேவைப்படவில்லை. மார்க்குசின் அடிமை 'மார்க்கிபோர்', அதாவது மார்க்குசின் பையன். பூப்ளியுசின் அடிமை 'பூப்ளிபோர்'. இந்தப் பெயர்முறை தம் காலத்தில் மறைந்துபோனதைக் கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த குவிந்திலியன் எழுதி வைத்திருக்கிறார். பெயர்முறை மறைந்தது, 'பையன்' மறையவில்லை.

ஏன் 'பையன்'? ஆண்மகன் என்று ஒப்புக்கொண்டால் அவனுக்கு மனைவி உண்டு, மக்கள் உண்டு, மானம் உண்டு என்று ஒப்புக்கொள்ள வேண்டுமே! பையனுக்கோ இவை எதுவும் இல்லை. பையனை அடிக்கலாம், ஏவலாம், விற்கலாம். ஒரு மனிதனை வளரவிடாமல் தடுக்க விலங்கு தேவையில்லை, ஒரு சொல் போதும் என்பதை உரோமத்து ஆண்டைகள் அறிந்திருந்தார்கள்.

அவர்கள் மட்டுமா அறிந்திருந்தார்கள்? கிரேக்கர் தம் அடிமையைப் 'பையன்' என்ற பொருள்தரும் சொல்லாலேயே அழைத்தனர். அமெரிக்கத் தென்மாநிலங்களில் நரைத்த நீக்ரோவரை வெள்ளையர் 'பாய்' என்றனர். இந்தியாவில் ஆங்கிலேயத் துரை தன் சமையற்காரரை அப்படியே அழைத்தார். பிரெஞ்சுக்காரரும் அந்த ஆங்கிலச் சொல்லைக் கடன் வாங்கித் தம் குடியேற்ற நாடுகளில் வேலையாட்களுக்குச் சூட்டினர். நம் நாட்டிலோ கடன் வாங்கத் தேவையில்லை. 'டேய்', 'பயலே' என்ற சொற்கள் சேரியை நோக்கிப் பாயக் காத்திருந்தன. நாடு வேறு, நிறம் வேறு, கடவுள் வேறு. ஆதிக்கம் கண்டுபிடித்த சொல் மட்டும் எங்கும் ஒன்றே!

உடையவன் ஆண்டவனான கதை

அடிமை தலைவனை என்னவென்று அழைத்தான்? கி.மு. 184-இல் மறைந்த நாடக ஆசிரியர் பிளாத்துசின் நாடகங்களில் அடிமைகள் 'எரே' என்கிறார்கள். 'எசமானே' என்பது பொருள். பின்னர் 'தோமினே' என்ற சொல் அந்த இடத்தைப் பிடித்தது. வீட்டை உடையவன், ஆளை உடையவன் 'தோமினுஸ்'. அவனை விளித்தால் 'தோமினே'.

அகஸ்டஸ் சீசர் நாடகம் பார்க்கச் சென்றபோது, நல்ல தலைவன் ஒருவனைப் போற்றும் வரி மேடையில் ஒலித்தது. கூட்டம் அவரை நோக்கித் திரும்பி ஆரவாரித்தது. அவர் கையமர்த்தி அடக்கினார். மறுநாள் கண்டன அறிக்கையும் விடுத்தார். தம் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் விளையாட்டுக்குக்கூடத் தம்மைத் 'தோமினே' என்று அழைக்கக் கூடாதெனத் தடுத்தார். குடியரசைக் கொன்றவர் அவர்தான். ஆனால் அந்தச் சொல்லின் நாற்றம் அவருக்குத் தெரிந்திருந்தது. 'தோமினே' என்று அழைப்பவன், தன்னை அடிமையென்று ஒப்புக்கொள்கிறான் அல்லவா?

நூறாண்டுகூடச் செல்லவில்லை. கி.பி. 81 முதல் 96 வரை ஆண்ட டொமிஷியன், 'நம் ஆண்டவரும் கடவுளும் ஆணையிடுகிறார்' என்று தொடங்கும் கடிதங்களை எழுதச் செய்தான். மாளிகை வாயிலில் நின்ற சொல் கோயில் கருவறைக்குள் புகுந்தது!

தமிழரே, உங்களுக்கு இது புதுமையாகப் படுகிறதா? பண்ணையில் உழைத்தவன் நிலத்துக்குரியவனை 'ஆண்டே' என்றான்; கோயிலில் இருப்பதை 'ஆண்டவன்' என்றான். 'சாமி' என்று பண்ணையாரையும் அழைத்தான், படைத்தவனையும் அழைத்தான். வடமொழியில் 'சுவாமி' என்றால் உடையவன் என்று பொருள். 'தேவரீர்' என்று மனிதனை விளித்தோம்; நம்மை 'அடியேன்' என்று தாழ்த்திக்கொண்டோம். அடியேன் என்பது அடிமை என்பதன் உடன்பிறப்பு. நிலத்தை உடையவன், ஆளை உடையவன், உலகை உடையவன் என மூவருக்கும் ஒரே சொல் வழங்கினால், முதலிருவரை எதிர்க்கும் துணிவு ஏழைக்கு எப்படி வரும்?

உரோமத்தில் இந்தச் சொல்லுக்குச் சந்தை விலைகூட இருந்தது. வறியவர்கள் விடியற்காலையில் செல்வர் வீட்டு வாயிலில் வணக்கம் சொல்லக் காத்து நிற்பர். வணக்கத்துக்குக் கூலியாகச் சில்லறை கிடைக்கும். கவிஞர் மார்ஷியல் ஒருநாள் தம் புரவலனை மறந்துபோய் வெறும் பெயரால் அழைத்துவிட்டாராம், 'தோமினே' சேர்க்கவில்லை. அன்றைய நூறு காசு போயிற்று! தம் தன்மானத்தின் விலை நூறு காசு என்று அவரே கணக்கெழுதிக் கேலி செய்கிறார். சிரிப்புக்குரிய கணக்கு அது, சிந்தனைக்கும் உரியது. நம் ஊரில் எத்தனை பேருக்கு 'ஐயா' குறைந்ததால் கூலி குறைந்தது?

காலம் செல்லச் செல்ல அந்தச் சொல் மலிந்தது. வழியில் காண்பவரின் பெயர் நினைவுக்கு வராவிட்டால் 'தோமினே' என்று சொல்லிவிடுகிறோம் என்கிறார் செனெகா. அடிமையின் நடுக்கத்தில் பிறந்த சொல் கடைத்தெருவின் நாகரிகமாயிற்று.

வாக்கு வேட்டையில் வந்த உறவு

அயலாரை உறவுமுறையால் அழைப்பது தமிழரின் தனிப்பண்பு என்று பெருமை பேசுகிறோம். இலத்தீன் மக்களிடத்தும் அது இருந்தது. முதியவரை 'பாத்தெர்', அதாவது 'தந்தையே' என்றனர். ஒத்த வயதினரைச் 'சகோதரனே' என்றனர்.

தேர்தல் வந்துவிட்டால் இந்த உறவு பெருக்கெடுக்கும். கவிஞர் ஹொராஸ் அந்தக் காட்சியைக் கேலியாகத் தீட்டுகிறார். பதவி வேண்டுபவன் தெருவில் செல்கிறான். பெயர் நினைவூட்டுவதற்கென்றே ஓர் அடிமை அருகில் நடக்கிறான். இவருக்கு இந்தத் தொகுதியில் செல்வாக்கு உண்டு, கையை நீட்டுங்கள் என்று அவன் காதில் ஓதுகிறான். வயதைப் பார்த்து ஒருவரை 'அண்ணா' என்றும், இன்னொருவரை 'ஐயா' என்றும் தத்தெடுத்துக்கொள் என்று கவிஞர் அறிவுரை வழங்குகிறார். ஈராயிரம் ஆண்டுகள் கழிந்தன. அந்த அறிவுரையைப் பின்பற்றுவோருக்கு நம் நாட்டிலும் பஞ்சமில்லை!

உறவுச்சொல் இனியது, மறுக்கவில்லை. ஆனால் அது யாரை விட்டுவிடுகிறது என்று பாருங்கள். கடைக்காரர் 'அண்ணாச்சி' ஆகிறார். பக்கத்து வீட்டுக்காரர் 'மாமா' ஆகிறார். தெருவைக் கூட்டும் முதியவர் மட்டும் 'ஏய்' ஆகிறார். உறவு வட்டத்தின் எல்லை எங்கே முடிகிறதோ, அங்கே சாதியின் வேலி தொடங்குகிறது.

ஒருவர் பலரான விந்தை

'நீ' எப்போது 'நீங்கள்' ஆயிற்று? கி.பி. நான்காம் நூற்றாண்டு அளவில் உரோமப் பேரரசரை 'வோஸ்' என்று பன்மையால் விளிக்கும் வழக்கம் வலுப்பெற்றது. அரசர் தம்மை 'நாம்' என்றார். குடிகள் 'நீங்கள்' என்றார்கள். அரண்மனையில் பிறந்த பன்மை பிரபுக்களிடம் இறங்கியது. அவர்களிடமிருந்து தாய் தந்தையரிடம் வந்தது. பிரெஞ்சு மொழியில் 'வூ' என்று நிலைத்தது. பழைய 'தூ' பிரெஞ்சில் 'த்யூ' என்று திரிந்து, நெருங்கியவருக்கும் தாழ்ந்தவர் எனப்பட்டவருக்கும் உரியதாயிற்று.

தமிழின் கதையும் இதற்கு நெருங்கியதே. சங்கப் புலவர்கள் முடிவேந்தரையும் 'நீ' என்றே பெரும்பாலும் பாடினார்கள். பரிசில் பெறப் போன இடத்திலும் அவர்கள் நா பன்மைக்குக் குனியவில்லை. ஒருவரைப் பன்மையாற் கூறும் வழக்கைத் தொல்காப்பியர் கண்டார், கண்டதை மறைக்கவில்லை. ஆனால் அதற்கு அவர் தந்த இடம் எது? அது உலக வழக்கால் வந்த உயர்த்திச் சொல்லும் சொல். இலக்கண நெறியைச் சார்ந்தது அன்று என்று தெளிவாகப் பிரித்து வைத்தார்.

தோழர்களே, இந்த இடத்தில் சற்று நில்லுங்கள். உயர்வும் தாழ்வும் மொழியின் இயற்கை என்று வாதிடுவோருக்குத் தமிழின் முதல் இலக்கணமே விடை சொல்லிவிட்டது. வழக்கால் வந்தது அது. வழக்கை ஆக்கியவர் மக்கள். மக்கள் ஆக்கியதை மக்கள் மாற்றலாம்.

புதுவைத் தெருவில் உரோமத்துச் சொற்கள்

அரிக்கமேட்டில் மண்ணோடு மண்ணான இலத்தீன், பதினேழாம் நூற்றாண்டில் பிரெஞ்சுக் கப்பலேறி மீண்டும் இக்கரைக்கு வந்தது. 'மதாம்' என்று புதுவையில் அழைக்கிறோமே, அது 'மெயா தோமினா', அதாவது 'என் தலைவியே' என்பதன் பேத்தி. 'முசியே' என்றும் 'முசே' என்றும் நம்மவர் வாயில் ஒலிக்கும் சொல், 'மூத்தவர்' என்று பொருள்படும் 'சேனியோர்' என்ற இலத்தீன் சொல்லின் வழிவந்தது. பிரெஞ்சுப் படையில் பணியாற்றி ஓய்வு பெற்றவரைப் புதுவையார் 'சொல்தா' என்கிறார்கள். உரோமத்தின் 'சோலிதுஸ்' என்ற பொற்காசு, கூலிக்குப் போரிட்டவன் பெயராகி, நம் தெருவரை வந்து சேர்ந்தது.

சொல் வந்தது, அதனோடு வேலியும் வந்தது. நகரின் நடுவே ஓடிய வாய்க்காலுக்குக் கிழக்கே வெள்ளையர் நகரம். மேற்கே கறுப்பர் நகரம். 'முசியே' யாருக்கு, 'த்யூ' யாருக்கு என்பதையும் அந்த வாய்க்கால் வகுத்தது. குடியேற்ற நாடுகளில் வெள்ளையர், முன்பின் அறியாத பெரியவரையும் 'நீ' என்றே அழைத்த இழிவை, மார்த்தினீக் தீவில் பிறந்த கறுப்பின மருத்துவர் பிரான்ஸ் ஃபனோன் 1952-இல் வெளியிட்ட நூலில் தோலுரித்துக் காட்டினார். படித்த மருத்துவர்களே அயலினத்து நோயாளரை அப்படி அழைத்ததை அவர் சுட்டினார். மருந்து கொடுத்த கையே மானத்தைப் பறித்தது!

பிரான்சிலேயே இதற்கு எதிராக ஒரு புயல் வீசியது. புரட்சி 'முசியே', 'மதாம்' இரண்டையும் ஒதுக்கி, ஆணைச் 'சித்துவாயேன்' என்றும் பெண்ணைச் 'சித்துவாயேன்' என்றும் அழைக்கச் சொன்னது. ஈற்றொலி மட்டும் சற்றே வேறு. இரண்டுக்கும் பொருள் குடிமக்கள் என்பதே. 1793 அக்டோபர் இறுதியில், எல்லோரும் எல்லோரையும் 'நீ' என்றே அழைக்க வேண்டும் என்ற கோரிக்கை தேசிய மன்றத்தின் முன் வந்தது. சட்டமாகவில்லை என்றாலும் பாரிசு முழுதும் அந்த 'நீ' பரவியது. ஆனால் அதற்கு முன்பே, அதே ஆண்டு ஆகஸ்டில், புதுவை ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டது! அவர்கள் மீண்டு வந்தபோது பிரான்சில் புரட்சியும் இல்லை. 'முசியே' பழைய நாற்காலியில் அமர்ந்திருந்தார்.

காலணி கேட்ட கேள்வி

ஆளுநர் துய்ப்ளேயின் துபாசியாக விளங்கிய ஆனந்தரங்கப் பிள்ளை (1709–1761) எழுதிய நாட்குறிப்பு தமிழுக்குக் கிடைத்த அரிய செல்வம். அவர் காலத்தில் ஆளுநர் மாளிகைக்குள் பல்லக்கில் செல்வதும், காலணியோடு நடப்பதும் மிகச் சிலருக்கு வழங்கப்பட்ட தனிச்சலுகைகள். அவற்றை அவர் பெற்றிருந்தார். ஒருவர் காலில் செருப்பு ஏறியது. ஊரார் கால் வெறுங்காலாகவே இருந்தது.

அடுத்த நூற்றாண்டில் காட்சி மாறியது. 1873-இல் பொன்னுத்தம்பிப் பிள்ளை என்ற வழக்கறிஞர் ஐரோப்பிய முறைக் காலணி அணிந்து புதுவை நீதிமன்றத்துள் நுழைந்தார். தமிழர் வெறுங்காலோடோ நாட்டுச் செருப்போடோதான் வரவேண்டும் என்ற மரபைக் காட்டி அவர் தடுக்கப்பட்டார். பணிந்து போகவில்லை. பாரிசின் உயர்நீதிமன்றம்வரை சென்று வென்றார். பிள்ளை பெற்றது சலுகை. பொன்னுத்தம்பி கேட்டது உரிமை. இரண்டுக்கும் இடையே ஒரு நூற்றாண்டு மட்டுமா? ஓர் உலகமே இருக்கிறது.

1881 செப்டம்பர் 21-ஆம் நாள் பிரெஞ்சு அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. சாதி மதங்களைச் சார்ந்த தம் தனிச்சட்டத்தைத் துறந்து, பிரெஞ்சு உரிமைச் சட்டத்தை ஏற்க விரும்புவோர், பதிவு அலுவலர் முன் அறிவித்துக் கையொப்பமிடலாம். அவர்கள் தம் குடும்பத்துக்கு ஒரு பெயர் சூட்டிக்கொள்ள வேண்டும். ஒருமுறை துறந்தால் மீளமுடியாது. பொன்னுத்தம்பி முன்னின்று இதை ஏற்றார். 'லப்போர்த்' என்று பெயர் கொண்டார். அச்சொல்லுக்குக் கதவு என்று பொருள். ஒடுக்கப்பட்டோரும் கிறித்தவரும் பலர் அந்தக் கதவு வழியே நுழைந்தனர். சாதி இந்துத் தலைவர்கள் சினந்தார்கள். சினத்துக்குக் காரணம் சொல்லவும் வேண்டுமா? ஏவலுக்கு நின்றவன் தனக்கென ஒரு குடும்பப்பெயர் சொன்னால், ஏவியவனுக்கு என்ன பெயர் மிஞ்சும்?

ஆயினும் கதவுக்கு அப்பால் மற்றொரு கதவு இருந்தது. 1884-இல் தேர்தலுக்கு மூன்று பட்டியல்கள் வகுக்கப்பட்டன: ஐரோப்பியருக்கு ஒன்று, துறந்தோருக்கு ஒன்று, துறவாதோருக்கு ஒன்று. பிரெஞ்சுப் பெயர் சூடியவரும் பிரெஞ்சுக்காரரோடு ஒரே பட்டியலில் இடம்பெறவில்லை.

மூன்று பெயர்மாற்றங்கள்

இங்கே உரோமத்து அடிமையை மீண்டும் நினைவுகூர்வோம். தலைவன் விடுதலை செய்தால் அடிமை பெயர் மாறும். சிசரோவின் செயலர் திரோ, கி.மு. 53-இல் விடுதலை பெற்று 'மார்க்குஸ் துல்லியுஸ் திரோ' ஆனார். அவரை அடிமையாக வைத்திருப்பதைவிட நண்பராகக் கொள்வதே தகும் என்று சிசரோவின் தம்பி மகிழ்ந்து கடிதம் எழுதினார். நல்ல சொல், ஆனால் திரோவின் பெயருக்கு முன்னே நின்ற இரண்டும் சிசரோவின் பெயர்கள்! தாமா என்ற குதிரைக்காரன் தலைவன் கையால் ஒரு சுற்றுச் சுற்றப்பட்டு 'மார்க்குஸ் தாமா' ஆகிவிடுகிறான் என்று கவிஞர் பெர்சியுஸ் நையாண்டி செய்கிறார். விடுதலையிலும் உடையவன் முத்திரை விலகவில்லை, கலத்தின் அடியில் இருந்ததுபோல.

உரோமத்து அடிமை தலைவன் பெயரைப் பெற்றான். 1881-இல் புதுவையார் பலர் ஆள்வோர் மொழியில் பெயர் பெற்றனர். அது துணிவான செயல். இழிவென்று நாம் சொல்லமாட்டோம். வேறு கதவு திறக்காத காலத்தில் திறந்த கதவு வழியே வந்தவர்கள் அவர்கள். ஆனால் மூன்றாவது வழி ஒன்று தமிழ்நாட்டில் பிறந்தது. 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெயரின் வாலில் தொங்கிய சாதிப் பட்டங்களை அறுத்தெறியத் தீர்மானித்தது. புதிய பட்டம் எதையும் அது ஒட்டவில்லை. யாருடைய பெயரையும் இரவல் கேட்கவில்லை. வெறும் பெயரோடு தலைநிமிர்ந்து நிற்கச் சொன்னது. 1932-இல் ஐரோப்பியப் பயணம் முடித்துத் திரும்பிய பெரியார், பெயருக்கு முன்னும் பின்னும் வேறு மரியாதைச் சொற்கள் வேண்டாம், எல்லோரையும் 'தோழர்' என்றே அழையுங்கள் என்று எழுதினார். 1967-இல் அண்ணாவின் அரசு 'ஸ்ரீ'யை நீக்கித் 'திரு'வை அமர்த்தியது. 1978-இல் தமிழகத் தெருப்பெயர்களிலிருந்து சாதி வாலை நீக்கும் ஆணையும் வந்தது.

வேறுபாட்டைக் கண்டீர்களா? தாமாவுக்குப் பெயரைத் தலைவன் தந்தான். பொன்னுத்தம்பிக்கு வழியை அரசு தந்தது. செங்கற்பட்டில் மக்கள் தாமே தம் பெயரைத் திருத்திக்கொண்டார்கள்.

நாவுக்கும் விடுதலை வேண்டும்

வரலாறு முடிந்ததா? இல்லை. 1954 நவம்பர் முதல் நாள் புதுவையின் ஆட்சி இந்தியாவிடம் வந்தது; 1962 ஆகஸ்ட் 16-இல் அது சட்டப்படியும் நிறைவேறியது. கொடி மாறியது, தெருவில் ஒலித்த 'டேய்' அந்நாளோடு மாறிவிடவில்லை. பட்டியல் சாதியினர்மீதான வன்கொடுமையைத் தண்டிக்கும் சட்டம் 1989-இல் வந்தது. பொதுவிடத்தில் சாதிப் பெயரால் இழிப்பதைத் தனிக்குற்றமாகச் சொல்லும் பிரிவு 2015-இன் திருத்தத்தில் சேர்ந்தது. சாதிப் பெயர் சொல்லி இழித்தால் வழக்குண்டு. ஒன்றும் சொல்லாமல், வயது முதிர்ந்தவரை 'வாடா' என்று மட்டும் அழைத்தால்? எந்த நீதிமன்றத்தில் முறையிடுவது?

அந்த வழக்கைக் கேட்கும் மன்றம் நம் வீட்டுத் திண்ணை. அங்கே தீர்ப்பு வழங்க வேண்டியவர்கள் இளைஞர்கள். குப்பை அள்ளுபவரை, வண்டி இழுப்பவரை, வீட்டில் பாத்திரம் துலக்கும் அம்மையாரை உங்கள் வீட்டுக் குழந்தை எப்படி அழைக்கிறது என்று இன்று மாலை காது கொடுத்துக் கேளுங்கள். ஆசிரியரை 'வாங்க' என்னும் அதே நா, அவர்களை 'வா' என்கிறதா? அப்படியானால் அந்தக் குழந்தைக்கு ஏடெடுத்துக் கற்பிக்குமுன்பே சாதியைக் கற்பித்துவிட்டோம் என்று பொருள். மனைவியை 'வாடி' என்றும், கணவனை 'வாங்க' என்றும் பேசும் வீட்டில், பெண்ணுரிமைக்கு எத்தனை மாநாடு கூட்டினாலும் என்ன பயன்?

எல்லோரையும் 'நீ' என்போமா, எல்லோரையும் 'நீங்கள்' என்போமா என்பது பெரிய சிக்கல் அன்று. பாரிசின் புரட்சியாளர்கள் 'நீ'யைத் தேர்ந்தார்கள். நமக்கு 'நீங்கள்' எளிதாக வருமானால் அதையே தேர்வோம். அது ஒருவருக்கு ஒன்றாகவும் மற்றவருக்கு வேறாகவும் இருக்கக் கூடாது, அவ்வளவே. இதற்குப் பணம் வேண்டியதில்லை; பதவி வேண்டியதில்லை; அரசாணைக்குக் காத்திருக்கவும் வேண்டியதில்லை.

தனக்குச் சொந்தமான பெயரின்றி 'மார்க்குசின் பையன்' என்று வாழ்ந்து மடிந்தவன், தன் தலைவனின் நாவை மாற்றமுடியாமல் மடிந்தான். நம் நா நம்மிடம் இருக்கிறது. வழக்கால் வந்ததை வழக்கால் ஒழிப்போம்!